தங்கையன் தோய்த்த மஞ்சள்

உறையூரில் தங்கையனைத் தேடிப் போகிறவர்கள் முதலில் அவருடைய டி.வி.எஸ். வண்டியைத் தேடுவார்கள். வண்டி பட்டறை வாசலில் நின்றால் அவர் எங்கோ நடந்து போயிருக்கிறார் என்று பொருள். வண்டி இல்லையென்றால் வண்டியில் போயிருக்கிறார். எப்படிப் பார்த்தாலும் ஆள் இருக்கமாட்டார். பட்டறைச் சுவரில் மட்டும் கொட்டை எழுத்தில், ‘பழைய புடவைகளுக்குச் சாயம் தோய்த்துத் தரப்படும். சாயம் போகாது’ என்று எழுதியிருக்கும். அதன் கீழே யாரோ ஒரு வாடிக்கையாளர் கரித்துண்டால், ‘ஆள்தான் போய்விடுவார்’ என்று சேர்த்து எழுதியதைத் தங்கையன் அழிக்கவில்லை. அழிப்பதற்கு அவர் அங்கே நின்றிருக்க வேண்டும்.

அவர் பிறந்தது ஜீயபுரத்தில், ஒரு வாழைத்தோப்புக் காவல்காரரின் மகனாக. வாழைக்கறை பட்ட சட்டை அவருடைய முதல் பாடம். அம்மா கல்லில் அறைந்து துவைத்தாள், வெயிலில் போட்டாள், திட்டினாள். கறை அசையவில்லை. சட்டை கிழிந்த பிறகும் கிழிசலில் கறை இருந்தது. ஒரு நிறம் என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று அந்த வயதிலேயே அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் கரூர் போனார், அங்கே சாயத்தொட்டியில் கால் வைத்தார். கரூர் அலுத்து ஈரோடு, ஈரோடு அலுத்துத் திருப்பூர். எந்த ஊரிலும் கொஞ்ச நாளில் உள்ளங்கால் அரிக்கும், மூட்டையைக் கட்டுவார். ஒட்டிக்கொண்டு போகவே போகாத சாயத்தைத் தேடி ஓர் இடத்திலும் ஒட்டாமல் அலைந்த மனிதர் அவர். இதில் இருக்கிற வேடிக்கையை அவரிடம் சொன்னால், “துணி நிக்கணும், நாம ஏங்க நிக்கணும்?” என்பார்.

மண்ணச்சநல்லூரிலிருந்து ராக்கம்மாளைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உறையூரில் பட்டறை போட்டு ஒரு மாதிரி நிலைத்தார். ராக்கம்மாள் அரிசி ஆலைக் களத்தில் அவித்த நெல்லைக் காயவைத்து வளர்ந்தவள். நெல் காய்கிற வேகத்தில்தான் காயும் என்று அறிந்தவள். கணவர் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்து தேய்வதை அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். “உக்காருங்க” என்று சொல்வதைக் கல்யாணமான புதிதிலேயே நிறுத்திவிட்டாள்.

அப்படிப்பட்ட மனிதரை ஒரு நாள் நெஞ்சுவலி உட்காரவைத்தது. உட்காரவைத்தது என்பதும் சரியில்லை. ஆட்டோ வரக் காத்திருக்கப் பொறுக்காமல் தானே வண்டியை ஓட்டிக்கொண்டு புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய், வண்டியை ஒழுங்காக ஸ்டாண்டு போட்டு நிறுத்திவிட்டு, பிறகுதான் விழுந்தார். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ராக்கம்மாள் வடக்குப் பார்த்து நின்றாள். சமயபுரம் அந்தத் திசையில்தான். அவள் கேட்டது நீண்ட ஆயுளையோ நிறைந்த செல்வத்தையோ அல்ல.

“ஆத்தா, இந்த மனுஷனை ஒரு எடத்துல படுக்க வச்சது போதும். எழுப்பி நடமாட விடு. மஞ்சப் புடவை கட்டி நடந்தே வரேன்.”

எழுந்துவிட்டார். நடமாட்டத்துக்கும் குறைவில்லை. மாத்திரையும், ரத்தக்குழாயில் வைத்த சுருளும்தான் காப்பாற்றின என்று தங்கையன் உறுதியாக நம்பினார். வேண்டுதலை நிறைவேற்றியாக வேண்டும் என்பதையும் அதே உறுதியோடு நம்பினார்.

போன வருஷம் பங்குனியில் அவள் கிளம்பினாள். மற்ற ஊர்களில் சாமிக்காகப் பக்தர்கள் விரதம் இருப்பார்கள். சமயபுரத்தில் மாசிக் கடைசியிலிருந்து பக்தர்களுக்காக அம்மனே பச்சைப்பட்டினி கிடக்கிறாள். அந்த நாட்களில் திருச்சியின் சாலைகள் மஞ்சள் உடையால் நிறைந்து வடக்கே நகரும். பெண்டாட்டிக்கென்று தங்கையன் இருப்பதிலேயே உயர்ந்த சாயப் பவுடரில் பளீரென்று ஒரு மஞ்சள் போட்டுக் கொடுத்தார். வெயிலும் வியர்வையும் சேர்ந்ததும் ராக்கம்மாளின் கழுத்து அரிக்கத் தொடங்கியது. கொள்ளிடம் பாலத்துக்கு வருவதற்குள் கழுத்து, தோள், இடுப்பு எங்கும் தடிப்புத் தடிப்பாகப் புறப்பட்டு, மூச்சு இழுத்து, பாதிப் பாலத்திலிருந்து ஆட்டோவில் திரும்பினாள். நேராக அதே புத்தூர். “இந்த மஞ்சள் சாயம் உங்களுக்கு ஒத்துக்கலம்மா. இனிமே உடம்புல படக்கூடாது” என்றார் தோல் மருத்துவர்.

ஊரில் எத்தனையோ பேருக்கு அதே மஞ்சளைத் தங்கையன் தோய்த்துக் கொடுத்திருக்கிறார். ஒருவருக்கும் ஒரு கொப்புளம் வந்ததில்லை. வந்தது அவருடைய வீட்டில். அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். “பாதிப் பாலம் வரைக்கும்தான் போனேன்னு ஆத்தாவுக்குத் தெரியும்” என்று மட்டும் சொன்னாள். இந்த வருஷம் மாசி பிறந்ததும் இன்னொன்றும் சொன்னாள். “முட்டி தேஞ்சு போச்சுங்க. இந்தத் தடவை நடந்தாத்தான். அடுத்த பங்குனிக்கு நான் நடந்து போறேன்னு சொன்னா நானே நம்ப மாட்டேன்.”

தங்கையனுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. இறங்கினாலும் நின்றுகொண்டே இறக்கினார்.

பவுடர் வேண்டாமென்றால் செடி. நாட்டு மருந்துக் கடையில் கடுக்காயும் படிகாரமும் வாங்கினார். பழச்சாறுக் கடைகளில் தூக்கி எறியும் மாதுளைத் தோலைச் சாக்கில் அள்ளி வந்து காயவைத்தார். மரப்பட்டறையில் பலாக்கட்டையின் தூளைக் கேட்டு, “சாமி கும்பிடவா?” என்று கேட்ட தச்சரிடம், “ஆமா” என்று சொல்லிவைத்தார். பட்டறையில் எல்லா அடுப்பிலும் ஏதோ ஒன்று கொதித்தது. சாயப் பவுடரின் நெடிக்குப் பழகிப்போயிருந்த தெரு, செடியின் நாற்றம் தாங்காமல் முறையிட்டது. எதிர்வீட்டுப் பாக்கியமேரி மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து, “அண்ணே, இயற்கைன்னாங்க, இவ்வளவு நாறுமா?” என்று கேட்டுப் போனாள்.

கடுக்காய் அழுக்கு மஞ்சளாக வந்தது. மாதுளை பாசி மஞ்சள். பலா நல்ல மஞ்சள்தான், ஆனால் துறவிக்குக் கொடுக்கலாம், சுமங்கலிக்குக் கொடுக்க முடியாது. கடைசியில் ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில், விலை போகாமல் வாடிக் கிடந்த செண்டுமல்லியை மூட்டையாக அள்ளி வந்தார். பூவைக் கொதிக்கவைத்து வடித்து, படிகாரத்தில் ஊறிய துணியை அதில் முக்கினார்.

வந்தது பாருங்கள் ஒரு மஞ்சள். துவைத்தார், நின்றது. வெயிலில் போட்டார், நின்றது. கல்லில் அறைந்தார், நின்றது. சொந்தக் கழுத்தில் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஊர் சுற்றினார். அரிக்கவில்லை. மறுநாள் வீட்டுக்குள் ஓடி, புடவையை ராக்கம்மாளின் முன்னால் விரித்தார்.

“இந்தா, உன் மஞ்சள்.”

அவள் துணியைத் தடவிப் பார்த்தாள். முகர்ந்தாள்.

“எதுல போட்டது?”

“செண்டுமல்லியில.”

“அப்ப இது செண்டுமல்லிப் புடவை.”

“மஞ்சப் புடவைடி.”

“மஞ்சள் எங்கே இருக்கு இதுல?”

தங்கையன் புடவை முழுவதையும் கையால் காட்டினார். இங்கிருந்து அங்கு வரை மஞ்சள்.

“அது நெறம்ங்க. நான் ஆத்தாகிட்ட நெறத்தையா சொன்னேன்? மஞ்சள்னா மஞ்சள். அரைச்சுப் பூசுறது. அம்மிக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாதா?”

“அப்ப போன வருஷம் பவுடர்ல போட்டேனே, அதை மட்டும் கட்டிக்கிட்டுப் போனியே?”

“போனேன். என்ன ஆச்சு?”

தங்கையன் புடவையை மடித்துவைத்தார். தெருவில் வேலை இருப்பதுபோல் இறங்கிப் போய்விட்டார்.

போன இடம் பெரிய கடைவீதியில் நஸ்ருல்லாவின் சாயப் பவுடர் கடை. பட்டறை போட்ட நாளிலிருந்து அவரிடம்தான் பவுடர் வாங்குகிறார். இப்போது பவுடரை விட்டுவிட்டுச் செடிக்குப் போனவர், அதற்கும் அங்கேயே வந்து யோசனை கேட்டார்.

“ஏன் பாய், மஞ்சள்னா நெறமா, கெழங்கா?”

நஸ்ருல்லா டப்பாக்களைத் திரும்பிப் பார்த்தார். “எங்கிட்ட இருக்கிற டப்பாவுல நம்பர்தான் போட்டிருக்கு. நம்பர்ல இந்தச் சண்டையே வராது.”

“வெளையாடாதீங்க.”

“பின்ன என்னய்யா? என் பொழைப்புக்கு எதிரா செடி செடியா அவிக்கிற. அதுக்கு எங்கிட்டயே வந்து நியாயம் கேக்குற. உன் வீட்டம்மா சொல்றது சரின்னா, சிவப்புன்னு ஒரு கெழங்கு இருக்கணும். இருக்கா?”

“இல்ல.”

“கறுப்புன்னு ஒரு காய்?”

“இல்ல.”

“அப்ப மஞ்சளுக்கு மட்டும் எப்படி?”

மஞ்சளுக்கு மட்டும் அப்படித்தான். தமிழில் சில நிறங்களுக்குச் சொந்த வீடு உண்டு. சிவப்பும் கறுப்பும் வெள்ளையும் தம் வீட்டில் தாமே இருப்பவை. காவி ஒரு கல்லின் வீட்டில் குடியிருக்கிறது. ஆரஞ்சு, வெளியூரிலிருந்து வந்த பழத்தோடு பெயரையும் தூக்கிக்கொண்டு வந்து இறங்கியது. மஞ்சளோ அடுப்பங்கரை டப்பாவில் இருக்கிறது. அதை எடுத்து எங்கே பூசினாலும் அந்த இடத்துக்கு அதே பெயர். இத்தனை காலம் நிறமும் கிழங்கும் ஒரே பெயரில் ஒற்றுமையாகக் குடித்தனம் செய்து வந்தன. அவற்றைப் பிரித்துத் தனிக்குடித்தனம் வைத்தது தங்கையனின் தொழில். இப்போது தகராறு அவருடைய வீட்டுக்கே வந்துவிட்டது.

சரி, கிழங்கு என்றால் கிழங்கு. ஆனால் மஞ்சள் கிழங்கு என்பது சாயக்காரனுக்கு நல்ல சகவாசம் கிடையாது. உடனே ஒட்டும். கேட்காமலே ஒட்டும். கை, சுவர், கரண்டி, கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் ஒட்டும். ஆனால் வெயிலைக் கண்டால் ஓடிவிடும். மாடியில் காயப்போட்ட மாதிரித்துணி சாயங்காலத்துக்குள் சாதம் வடித்த கஞ்சி நிறத்துக்கு வந்துவிட்டது. ‘சாயம் போகாது’ என்று சுவரில் எழுதிவைத்தவருக்கு, போவதையே குணமாகக் கொண்ட ஒரு சாயம் வாய்த்தது.

விடவில்லை. துணியைக் கடுக்காய்த் தண்ணீரில் ஊறவைத்தார், படிகாரத்தில் ஊறவைத்தார், பசு மஞ்சளை அரைத்த கரைசலில் முக்கி நிழலில் காயவைத்தார். மறுபடி முக்கினார், மறுபடி நிழல். நிழலில் காய நேரமாகும். அந்த நேரத்தில் அவர் துணியைச் சுற்றிச் சுற்றி நடந்தார். ராக்கம்மாள் கழுத்தில் இன்னும் போகாமல் இருந்த போன வருஷத்துத் தழும்புகள் அவர் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. அந்தச் சாயம் மட்டும் கெட்டிச் சாயம்.

நடைக்கு முதல் நாள் பிற்பகல். புடவைக்குக் கடைசி முழுக்கு. அண்டாவில் மஞ்சள் கரைசல் வெதுவெதுப்பாக இருந்தது. புடவை உள்ளே கிடந்தது, ராக்கம்மாள் கேட்டாளே அசல் மஞ்சள், அந்த மஞ்சளாக. தங்கையன் ஒரு கையால் கிளறினார். அப்போது போன் அடித்தது. யாரோ ஒரு அம்மாள், கொடுத்த பச்சைப் புடவை என்ன ஆயிற்று என்று கேட்டார். போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, “நாளைக்கு இல்லங்க, திங்கக்கெழமை, சத்தியமா” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் அவருடைய வலது கை, யாரையும் கேட்காமல், பக்கத்து டின்னுக்குள் போய் ஒரு பிடி சலவைச் சோடாவை அள்ளி அண்டாவில் போட்டது.

பருத்தித் துணிக்குப் பவுடர் சாயம் போட்டால் கடைசியில் சோடா போட வேண்டும். அப்போதுதான் சாயம் துணியைப் பிடித்துக்கொள்ளும். கரூரில் தொடங்கிய நாளிலிருந்து அந்தக் கை தினமும் செய்துவரும் காரியம் அது. மூளை செண்டுமல்லிக்கும் மாதுளைக்கும் மாறியிருந்தது. கைக்கு யாரும் சொல்லவில்லை.

கண்ணை மூடித் திறப்பதற்குள் அண்டா முழுவதும் ரத்தமாகிவிட்டது.

“ஹலோ, ஹலோ” என்றது போன். தங்கையன் புடவையைத் தூக்கினார். தாம்பூலம் போட்ட வாய்போல் அப்படி ஒரு சிவப்பு. பதறிப்போய் ஒரு மூலையை ஆழ்குழாய்த் தண்ணீரில் அலசினார். உறையூர் உப்புத் தண்ணீரில் சிவப்பு மஞ்சளுக்குத் திரும்பவில்லை, சாயம்தான் கழன்று வெளுத்தது. முழுப் புடவையையும் அலசினால் இருப்பதும் போய்விடும். அலசாமல் விட்டால் சிவப்பு. அண்டாவைச் சுற்றி இரண்டு முறை நடந்தார்.

ராக்கம்மாள் கொல்லைக் கதவில் வந்து நின்றாள். அண்டாவைப் பார்த்தாள்.

“யாருக்கு ஆரத்தி?” என்றாள்.

மஞ்சளில் சுண்ணாம்பு கரைத்தால் ஆரத்தி சிவக்கும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். தங்கையனுக்கும் தெரியும். கல்யாணத்தில் அவருக்கே சுற்றிக் கொட்டியிருக்கிறார்கள். ஆனால் ஆரத்தி என்பது தட்டில் இருப்பது, சாயம் என்பது அண்டாவில் இருப்பது. இரண்டையும் அவர் ஒருநாளும் சேர்த்து நினைத்ததில்லை. சுண்ணாம்பு செய்கிற வேலையைச் சோடாவும் செய்துவிட்டது.

“செண்டுமல்லிப் புடவை இருக்கு ராக்கு. அதைக் கட்டிக்க.”

அவள் உள்ளே போனாள். தங்கையன் சிவப்புப் புடவையைக் கொடியில் போட்டுவிட்டு, அதன் முந்தானை ஓரத்தில் ஒரு துண்டைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை எடுத்தார்.

கடைவீதியில் நஸ்ருல்லா துண்டைப் பார்த்து, “மாஷா அல்லாஹ், நல்ல செவப்பு. எந்த நம்பர்?” என்றார். தங்கையன் துண்டைப் பிடுங்கிக்கொண்டு கிளம்பினார். காந்தி மார்க்கெட்டில் மஞ்சள் மண்டிக்காரரிடம் காட்டினார். அவர் மஞ்சள் விற்பாரே தவிர அது என்ன ஆகும் என்று பார்ப்பவரில்லை. எதற்கென்று தெரியாமலே வண்டி காவிரிப் பாலம் தாண்டி ஸ்ரீரங்கம் போனது. அங்கே கோபுரத்துக்குப் பக்கத்தில் திருமண், ஸ்ரீசூர்ணம் விற்கும் கடை ஒன்று இருந்தது. வாசலில் கூம்பு கூம்பாகச் சிவப்புப் பொடி. நாமத்தின் நடுக்கோட்டுக்கு. பார்த்ததும் தங்கையன் பிரேக் பிடித்தார். அவர் அண்டாவின் அதே சிவப்பு.

“சாமி, இது எதுல பண்றது?”

“மஞ்சள்லதான். பெருமாளுக்கும் தாயாருக்கும் உகந்தது” என்றார் கடைக்காரப் பெரியவர்.

தங்கையன் துண்டை நீட்டினார். “இதுவும் மஞ்சள்தாங்க. செவந்து போச்சு. திரும்ப மஞ்சளாக்கணும்.”

பெரியவர் துண்டைக் கையில் வாங்காமல் கழுத்தை மட்டும் நீட்டிப் பார்த்தார். “நன்னாயிருக்கே! மஞ்சளைச் சிவப்பாக்கறதுக்கு நாங்க படற பாடு பெருமாளுக்குத்தான் தெரியும். நீர் ஆனதை அழிக்க வந்திருக்கீர்.”

“நீங்க அதுல சேக்குறதை வெளியில எடுத்துட்டா சரியாயிடுமா?”

“கல்யாணம் ஆனவாளைப் பிரிக்கச் சொல்றாப்ல இருக்கு. அதெல்லாம் நான் செய்யறதில்லே. ஆனா ஏன் பிரிக்கணும்? சிவப்பா இருந்தாலும் மஞ்சள் மஞ்சள்தானே?”

தங்கையனுக்குக் கோபம் வந்தது. ராக்கம்மாளை யாரோ முன்கூட்டியே இங்கே அனுப்பிவைத்ததுபோல் இருந்தது.

விளக்கு வைக்கும் நேரத்துக்கு வீடு திரும்பியபோது சிவப்புப் புடவை காய்ந்து, மடித்து, சாமி படத்தின் முன்னால் இருந்தது. பக்கத்தில் ஒரு தட்டில் தேங்காய், பூ, எலுமிச்சம்பழம்.

“இதைத்தான் கட்டப்போறேன்” என்றாள் ராக்கம்மாள்.

“செவப்பா இருக்குடி!”

“இருக்கட்டும். மஞ்சள்ல முக்கினீங்களா இல்லையா?”

“முக்கினேன்.”

“கெழங்கை நான்தான் அரைச்சுக் குடுத்தேன். எவ்வளவு இதுக்குள்ள போயிருக்குன்னு என் கைக்குத் தெரியும். நெறம் போனா போவுது.”

மஞ்சளே இல்லாத மஞ்சளை ஏற்காதவள், மஞ்சளாக இல்லாத மஞ்சளை ஏற்றுக்கொண்டாள். யோசித்துப் பார்த்தால் அவள் பேச்சில் ஓர் ஓட்டையும் இல்லை. அதுதான் தங்கையனுக்குப் பொறுக்கவில்லை. ஊரெல்லாம் மஞ்சளில் நடக்கும்போது இவள் மட்டும் சிவப்பில் நடப்பாள், சாயக்காரன் பெண்டாட்டி என்று சொல்வார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்றும் இருந்தது. சோடா. அலசாத துணியில் அது அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதுவும் அவள் கழுத்தைத் தின்றால்?

அவர் அதைச் சொன்னார். அவள், “தின்னா பாத்துக்கலாம். ரவிக்கை வெள்ளைதான், சாயம் படாதது. படுத்துத் தூங்குங்க, காலையில நடக்கணும்” என்றாள்.

விடியும் முன் தெருவிலிருந்து பத்திருபது பேர் கிளம்பினார்கள். எல்லாரும் மஞ்சள், நடுவில் ஒரு சிவப்பு. நெடுந்தூரம் நடக்கக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்ததால் தங்கையன் வண்டியில் வந்தார். வந்தார் என்றால், முன்னால் போய்ப் பாதை பார்ப்பார், திரும்பி வந்து ராக்கம்மாளின் கழுத்தைப் பார்ப்பார், மறுபடி முன்னால் போவார். அவள் ஒரு தடவை கடந்த தூரத்தை அவர் பல தடவை கடந்தார்.

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே டீக்கடையில் நின்ற ஓர் இளவட்டம் குரல் கொடுத்தது. “அம்மா, மேல்மருவத்தூர் பஸ்ஸு அந்தப் பக்கம்!”

சிரிப்பு. சிவப்பு உடுத்திப் போகிற கோயில் அது. மஞ்சள் உடுத்திப் போகிற கோயில் இது. ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். தங்கையன் வண்டியை அணைத்துவிட்டு இறங்கப் பார்த்தார். ராக்கம்மாள் நடையை நிறுத்தாமலே, “இது மஞ்சள் தம்பி” என்றாள்.

“மஞ்சளா! உங்களுக்கு ஏதும் கண்ணு…”

“கண்ணு நல்லாத்தான் இருக்கு. முட்டிதான் சரியில்ல.”

காவிரிப் பாலத்தில் வெயில் ஏறியது. திருவானைக்கோவிலைத் தாண்டியதும் அவள் நடை சாய ஆரம்பித்தது. கொள்ளிடம் பாலம் வந்தது. தங்கையன் இப்போது முன்னால் போகவில்லை. வண்டியை உருட்டியபடி அவளுக்கு ஓரடி பின்னால் வந்தார். பார்வை அவள் கழுத்திலேயே இருந்தது. போன வருஷம் நின்ற இடம் நெருங்கியது. கீழே மணலில் இரண்டு நாய்கள் படுத்திருந்தன. ராக்கம்மாளின் கை மேலே எழும்பிக் கழுத்துக்குப் போனது.

“அரிக்குதா?” என்றபடி தங்கையன் அவள் பக்கத்துக்கு வந்துவிட்டார்.

“வேர்க்குதுங்க.”

துடைத்துக்கொண்டு கையை எடுத்தாள். தடிப்பு இல்லை. ஆனால் கழுத்தோரம் வியர்வை ஊறிய இடத்தில் துணி வேறு மாதிரி தெரிந்தது. சிவப்பு அங்கே கொஞ்சம் பின்வாங்கியிருந்தது. விளிம்பில் மெலிதாக ஒரு மஞ்சள். தங்கையன் கண்ணைக் கசக்கிக்கொண்டார். வெயில் செய்கிற வேலை என்று நினைத்தார். அதற்குள் அவள் பாதிப் பாலத்தைத் தாண்டிவிட்டிருந்தாள். தாண்டியது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

நம்பர் ஒன் டோல்கேட்டில் பந்தல் போட்டுப் பானகம் கொடுத்தார்கள். ராக்கம்மாள் டம்ளரை வாங்கி அண்ணாந்து குடித்தாள். முட்டி ஒரு தடவை மடங்கி நிமிர்ந்தது. அந்த ஆட்டத்தில் பாதிப் பானகம் மார்பிலிருந்து கொசுவம் வரை வழிந்தது. வழிந்த தடமெல்லாம், பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பளபளவென்று மஞ்சளாகிவிட்டது.

முதலில் பார்த்தது பந்தலில் பானகம் ஊற்றிய அம்மாள். செம்பைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆத்தா! பாருங்கடி, செவப்புல மஞ்சள் பூக்குது!”

கூட்டம் திரும்பியது. ஒருத்தி குலவையிட்டாள். ஒருத்தி ராக்கம்மாளின் முந்தானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ராக்கம்மாள் வாயைத் துடைக்கவும் மறந்து கூச்சத்தோடு நின்றாள். தங்கையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, மஞ்சளான இடத்தை விரலால் தேய்த்து, விரலை நாக்கில் வைத்துப் பார்த்தார். புளிப்பு. அவருக்குச் சகலமும் விளங்கிவிட்டது. சோடா கொண்டுபோனதைப் புளிப்பு கொண்டுவந்துவிட்டது.

“அது எலுமிச்சம்பழம்ங்க” என்றார் உரக்க. “பானகத்துல இருக்கிற எலுமிச்சம்பழம்.”

“ஆமாங்க, ஆத்தாவுக்கு எலுமிச்சம்பழம்னா உகந்ததாச்சே” என்றாள் பந்தல் அம்மாள். கூட்டம் மறுபடி குலவையிட்டது.

தங்கையன் விளக்கத்தை அதோடு விட்டுவிட்டார். அவருக்குள் இருந்த சாயக்காரன் விழித்துக்கொண்டிருந்தான். “அம்மா, எலுமிச்சம்பழம் இன்னும் எத்தனை இருக்கு? ஒரு பக்கெட் தண்ணியும் குடுங்க. தலைப்பு, உடல், கொசுவம் எல்லாம் ஒரே சீரா எடுத்துடலாம். ராக்கு, இப்படித் திரும்பு.”

“கையை வச்சீங்க, பாருங்க” என்றாள் ராக்கம்மாள்.

“திட்டுத்திட்டா இருக்குடி!”

“இருக்கட்டும். நீங்க போட்டது போதும். மிச்சத்தை அவ பாத்துக்குவா.”

தங்கையன் நின்றார். செய்ய ஒன்றுமில்லாத ஒரு நிமிஷம் அவருக்கு வாழ்க்கையில் அபூர்வமாகவே வாய்த்தது. கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வண்டியைப் பந்தலுக்குப் பின்னால் ஸ்டாண்டு போட்டுப் பூட்டிவிட்டு வந்து, அவளுடைய நல்ல முட்டிப் பக்கம் இல்லாமல் கெட்ட முட்டிப் பக்கம் நின்றுகொண்டார்.

“டாக்டர் நடக்க வேணாம்னாரே?”

“உன் வேகத்துக்குப் பேரு நடையா?”

அங்கிருந்து சமயபுரம் வரை வீட்டுக்கு வீடு பெண்கள் குடத்தோடு நின்றார்கள். வேப்பிலை போட்ட மஞ்சள் தண்ணீரை நடந்து வருகிறவர்களின் காலிலும் கேட்டவர்களின் தலையிலும் ஊற்றினார்கள். சுடுகிற தார்ச்சாலையில் ராக்கம்மாள் ஒவ்வொரு குடத்துக்கும் நின்றாள். சோடா கொஞ்சம் கழுவிக்கொண்டு போனது. மஞ்சள் கொஞ்சம் வந்து சேர்ந்தது. வெயில் வெளுத்ததை அடுத்த வீட்டுக் குடம் ஈடு செய்தது. நிழல் தேடி, கடுக்காய் தேடி, எந்தச் சாயத்தை நிற்கவைக்க முடியாமல் அவர் தவித்தாரோ அதைத் தெருவே திரண்டு ஊற்றிக்கொண்டிருந்தது. தங்கையன் மீதும் ஊற்றினார்கள். வெள்ளைச் சட்டை போயிற்று.

கோயில் வரிசையில் நிற்கும்போது புடவை ஒரு சாயக்காரன் பார்க்கக்கூடாத நிலையில் இருந்தது. முந்தானை மஞ்சள், இடுப்பு ஆரஞ்சு, ஓரமெல்லாம் இன்னும் சிவப்பு, அதில் வேப்பிலைப் பச்சை வேறு. பட்டறையில் யாராவது இப்படி ஒன்றைக் கொண்டுவந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். ராக்கம்மாள் தூணில் கைவைத்து, கண்ணை மூடி, உள்ளே இருப்பவளிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். கழுத்தில் பழைய தழும்புகள் இருந்தன. புதிதாக ஒன்றும் இல்லை.

முன்னால் நின்ற பெண் அந்தப் புடவையை வெகுநேரமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்கமுடியாமல் தங்கையனிடம் கேட்டாள்.

“ஏங்க, இது என்ன கலருங்க?”

“மஞ்சள்” என்றார் தங்கையன்.

அவள் நம்பாமல் துணியைத் தொட்டாள். விரலில் ஒட்டியது. விரலைப் பார்த்தாள்.

“சாயம் போகுமாங்க?”

“போகும்ங்க.”

வரிசை கொஞ்சம் நகர்ந்தது. ராக்கம்மாள் கண்ணைத் திறந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு ஓரடி எடுத்து வைத்தாள். தங்கையன் அந்த ஓரடியை மட்டும் நகர்ந்து அப்படியே நின்றார்.